வராத சாட்சிகள்: கர்ட் ஃப்ளட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

1970 மே 19 அன்று நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் விசாரணை தொடங்கியது. வழக்குத் தொடுத்தவர் கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் வீரர். வயது 32. எதிர்த்தரப்பில் பேஸ்பால் ஆணையர் போவி கூன், இரண்டு லீக்குகளின் தலைவர்கள், பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் 24 அணிகள். அன்று ஓர் அணிக்கு 25 பேர் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 600 வீரர்கள் களத்தில் இருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரின் ஒப்பந்தத்திலும் இருந்த, வீரரை ஆட்ட வாழ்க்கை முடியும்வரை ஓர் அணிக்கே கட்டிவைத்த ஒரே விதியைப் பற்றிய வழக்கு அது. விசாரணை முடியும்வரை அந்த 600 பேரில் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. பார்வையாளர் வரிசையில் வந்து உட்காரக்கூட இல்லை. ஃப்ளட்டுடன் ஒரே அறையில் தங்கிய நெருங்கிய நண்பர் பாப் கிப்சனும் வரவில்லை.

சாட்சி சொல்ல வந்தவர்கள் ஓய்வு பெற்றவர்கள். கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கின் கதவைத் திறந்த ஜாக்கி ராபின்சன் வந்தார். அப்போது அவருக்கு நீரிழிவு முற்றியிருந்தது, பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. பழைய ஹோம் ரன் நட்சத்திரம் ஹேங்க் கிரீன்பெர்க் வந்தார். அணி உரிமையாளராக இருந்த பில் வீக்கும் வந்தார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ஃப்ளட் தோற்றார், ஆனால் அவரால் வீரர்கள் விடுதலை பெற்றார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. விடுதலை வந்தது வேறொரு வழியாக, வேறு இருவரின் பெயரால், நீதிமன்றத்துக்கு வெளியே. ஃப்ளட்டின் பங்கு என்ன என்பதைச் சரியாக அளந்து சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடாது. அளக்காமல் புகழ்ந்தால்தான் அவர் கொடுத்த விலை கண்ணில் படாமல் போகிறது.

ஆட்டக்காரர்

ஃப்ளட் 1938 ஜனவரி 18 அன்று டெக்சாசின் ஹூஸ்டன் நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது கலிஃபோர்னியாவில், மேற்கு ஓக்லண்டில். அங்கே ஜார்ஜ் பவுல்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஏழைப் பிள்ளைகளைத் தேடித்தேடி ஆட வைத்தார். பின்னாளில் மேஜர் லீக்கின் பெரும் பெயர்களான ஃபிராங்க் ராபின்சன், வேடா பின்சன் இருவரும் ஃப்ளட்டைப் போலவே அவருடைய பிள்ளைகள். 1956-இல் சின்சினாட்டி அணி 4,000 டாலர் சம்பளத்துக்கு ஃப்ளட்டை ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்த ஊக்கத்தொகை ஒரு காசும் இல்லை.

அணி அவரை வட கரோலினாவுக்கும், அடுத்த ஆண்டு ஜார்ஜியாவின் சவானாவுக்கும், மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக் ஆட அனுப்பியது. இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த தெற்கு அது. அணி பஸ் உணவகத்தில் நின்றால் வெள்ளை வீரர்கள் உள்ளே போவார்கள். ஃப்ளட் பின்வாசலுக்குப் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்த ஒருநாள், இடைவேளையில் எல்லாரும் வியர்வையில் நனைந்த சீருடையைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டார்கள். உடை அறைப் பணியாள் நீளக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, ஃப்ளட்டின் உடையை மட்டும் கை படாமல் தூக்கித் தனியே போட்டான். மற்றவர்களின் உடை துவைத்து வந்துவிட்டது. ஃப்ளட்டின் உடை கறுப்பர்களுக்கான சலவைக்காரரிடம் போய்த் திரும்பும்வரை அவர் வெற்றுடம்போடு காத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னது இது. அந்த முதல் ஆண்டில் அவருடைய பேட்டிங் சராசரி .340, 29 ஹோம் ரன், 128 ரன்கள் உள்ளே வரக் காரணமானார். பையனுக்கு அப்போது வயது 18.

1957 டிசம்பரில் அவர் வெனிசுலாவில் குளிர்கால ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டதாகத் தந்தி வந்தது. இனி ஒருமுறை இப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்று அன்றே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டதாகப் பின்னர் எழுதினார். 12 ஆண்டுகள் கழித்து எடுத்த முடிவுக்கு வேர் அங்கே இருக்கிறது.

செயின்ட் லூயிஸில் முதல் சில ஆண்டுகள் பாதி நேரம் பெஞ்சில் கழிந்தன. 1961-இல் ஜானி கீன் மேலாளராக வந்து அவரை நிரந்தரமாகச் சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார். ஆடுகளத்தின் ஆழத்தில், இடமும் வலமும் பெரும் பரப்பைத் தனியாளாகக் காக்கும் இடம் அது. கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டருகே நிற்பவரின் வேலையைப் போன்றது. 5 அடி 9 அங்குல உயரமே இருந்த ஃப்ளட் அங்கே 1963 முதல் 1969 வரை ஆண்டு தவறாமல், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதை ஏழு முறை வென்றார். 1966 பருவம் முழுவதும் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கி 1967 வரை, தொடர்ந்து 226 ஆட்டங்கள் பிழையின்றி ஆடினார். 1964-இல், இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அதிகபட்சமாக 211 ஹிட் அடித்து, ராபர்ட்டோ கிளெமென்டேயுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டிலும் 1967-இலும் அணி, பருவத்தின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றது.

1968 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில்தான் சறுக்கல். இரு அணிகளும் ரன் எடுக்காமல் நின்ற ஏழாவது இன்னிங்ஸில், டெட்ராய்ட்டின் ஜிம் நார்த்ரப் உயர்த்தி அடித்த பந்தை ஃப்ளட் தவறாகக் கணித்து முன்னே ஓடினார். பந்து தலைக்கு மேல் போயிற்று. இரண்டு ரன்கள் வந்தன. கோப்பை கைவிட்டுப் போனது. எத்தனையோ நூறு பந்துகளைப் பிடித்த கையை அந்த ஒரு பந்தை வைத்தே பலர் நினைவில் வைத்தார்கள். அடுத்த பருவத்துக்கு 90,000 டாலர் வேண்டும் என்று ஃப்ளட் உறுதியாகக் கேட்டு வாங்கினார். அணியின் உரிமையாளர் மதுபான அதிபர் ஆகஸ்ட் புஷ், 1969 மார்ச்சில் வீரர்களையெல்லாம் கூட்டி, பணத்தாசை பிடித்துவிட்டது என்று பொருள்படப் பேசினார்.

1969 அக்டோபர் 8 அன்று காலை தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் அலுவலகத்தின் இடைநிலை ஊழியர் ஒருவர். 12 ஆண்டுகள் ஆடிய வீரரிடம் உரிமையாளர் பேசவில்லை. பொது மேலாளரும் பேசவில்லை. ஃப்ளட், டிம் மெக்கார்வர் முதலான நால்வரைக் கொடுத்துவிட்டு, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டிக் ஆலன் உள்ளிட்ட மூவரை வாங்கியிருந்தார்கள். ஃபிலடெல்ஃபியா 99 ஆட்டங்களில் தோற்றிருந்த அணி. கறுப்பின வீரரான ஆலன் அந்நகர ரசிகர்களிடம் பட்ட அவமானங்களை ஃப்ளட் அறிந்திருந்தார். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் தென்னக நகரம் என்றுதான் அதை வருணித்தார்.

முடியாத ஓராண்டு

வழக்கின் உயிர் ஒப்பந்தப் படிவத்தின் 10(அ) பத்தியில் இருந்தது. புதிய ஒப்பந்தத்தில் வீரர் கையெழுத்திடாவிட்டால், அணி தன்னிச்சையாகப் பழைய ஒப்பந்தத்தை ‘மேலும் ஓராண்டுக்கு’, அதே நிபந்தனைகளின்படி நீட்டித்துக்கொள்ளலாம். அதே நிபந்தனைகள் என்பதில் இந்த நீட்டிக்கும் உரிமையும் அடங்கும் என்பது உரிமையாளர்களின் வாசிப்பு. ஆகவே நீட்டித்த ஓராண்டு முடிந்தால் மறுபடியும் ஓராண்டு, அதன்பின் இன்னொன்று. முதல் கையெழுத்தைப் போட்ட நாள் முதல் ஆட்ட வாழ்க்கை முடியும்வரை வீரர் அந்த அணிக்கே உரியவர். அவரை விற்கலாம், மாற்றலாம், விலக்கலாம். வேறு அணி அவரோடு பேசவே கூடாது. பிடிக்கவில்லையென்றால் வீரருக்கு இருந்த ஒரே வழி ஆட்டத்தை விடுவதுதான். 1879-இல் நேஷனல் லீக் உரிமையாளர்கள் அணிக்கு ஐந்து வீரர்களைத் தமக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டதில் பிறந்து, நாளடைவில் எல்லாரையும் விழுங்கிய ஏற்பாடு இது. தக்கவைப்பு விதி என்று இங்கே சொல்கிறேன்.

ஓர் ஊரின் தச்சர்களையோ கணக்கர்களையோ முதலாளிகள் இப்படிப் பங்குபோட்டுக்கொண்டால் 1890-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். பேஸ்பால் மீது ஏன் பாயவில்லை? போட்டி லீக் ஒன்று சரிந்த பிறகு அதன் பால்டிமோர் அணி தொடுத்த வழக்கில், 1922-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். பேஸ்பால் காட்சி அந்தந்த மாநிலத்துக்குள் நடப்பது. அதற்காக வீரர்கள் மாநிலம் கடந்து பயணிப்பது தற்செயலானது. ஆகவே இது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் ஆகாது என்பது சாரம். 1953-இல் டூல்சன் என்ற வீரர் வழக்கில் அதே நீதிமன்றம், 30 ஆண்டுகளாக இப்படியே இருந்துவிட்டது, மாற்ற வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாற்றட்டும் என்றது. வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்டத்தை நாடு முழுக்க விற்கத் தொடங்கிவிட்ட காலம் அது. விந்தை என்னவென்றால், 1955-இல் குத்துச்சண்டைக்கும் 1957-இல் அமெரிக்கக் கால்பந்துக்கும் இந்தச் சலுகை கிடையாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேஸ்பால் மட்டும் தனித்தீவாக நின்றது.

மில்லரின் எச்சரிக்கை

வீரர் சங்கத்தின் செயல் இயக்குநர் மார்வின் மில்லர், உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராக இருந்து வந்தவர். தன்னைத் தேடி வந்த ஃப்ளட்டிடம் அவர் பூசி மெழுகவில்லை. வெல்வது மிகக் கடினம். வழக்கு நடக்கும் காலமெல்லாம் சம்பளம் போகும். வென்றாலும் உன் வயதுக்கு அதனால் பயன் இராது. இனி மேலாளராகவோ பயிற்சியாளராகவோ யாரும் உன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃப்ளட் ஒன்றைத்தான் கேட்டார்: மற்ற வீரர்களுக்குப் பயன்படுமா? இப்போதிருப்பவர்களுக்கும் இனி வருபவர்களுக்கும் பயன்படும் என்றார் மில்லர். அது போதும் என்றார் ஃப்ளட்.

டிசம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் சங்கத்தின் அணிப் பிரதிநிதிகள் கூடினார்கள். டாட்ஜர்ஸ் அணியின் டாம் ஹாலர், கறுப்பினத்தவர் என்பதால்தான் இதைச் செய்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். கறுப்பினத்தவராக இருப்பதால் சில விஷயங்கள் தனக்குக் கூடுதலாக உறைக்கின்றன, ஆனால் ஒரு பேஸ்பால் வீரராகவே இந்த வழக்கைத் தொடுக்கிறேன் என்று ஃப்ளட் பதில் சொன்னார். 25-க்கு 0 என்ற வாக்கில் சங்கம் செலவை ஏற்றது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்தர் கோல்ட்பெர்க் வழக்கறிஞராக அமைந்தார். கையைத் தூக்கி ஆதரித்தவர்கள் மே மாதத்தில் நீதிமன்றத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மில்லரின் எச்சரிக்கையிலேயே விடை இருக்கிறது. ஃப்ளட்டுக்கு நேரும் என்று சொல்லப்பட்டது பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நேரலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் ஒரு பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருந்தால் ஃப்ளட்டின் பிற்கால வாழ்க்கை சற்றேனும் வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

1969 டிசம்பர் 24 அன்று ஆணையருக்கு அவர் எழுதிய கடிதம் ‘அன்புள்ள திரு. கூன்’ என்று தொடங்குகிறது. “மேஜர் லீக்குகளில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகு, என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் கூடிய சொத்தாக நான் என்னைக் கருதவில்லை” என்பது அதன் முதல் வாக்கியம். 1970-இல் ஆட விரும்புகிறேன், ஃபிலடெல்ஃபியாவின் அழைப்போடு மற்ற அணிகளின் அழைப்புகளையும் பரிசீலிக்க எனக்கு உரிமை உண்டு, எல்லா அணிகளுக்கும் இதைத் தெரிவியுங்கள் என்று கேட்டிருந்தார். பணிவும் நிமிர்வும் ஒருசேர அமைந்த கடிதம். ‘அன்புள்ள கர்ட்’ என்று தொடங்கிய பதிலில், மனிதர் என்ற முறையில் நீங்கள் வாங்கி விற்கும் சொத்து அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது இந்த விஷயத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை என்றார் கூன். 1970 ஜனவரியில் வழக்குத் தாக்கலானது. அதே மாதம் தொலைக்காட்சிப் பேட்டியில், ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் அடிமையா என்று விளையாட்டு வருணனையாளர் ஹோவர்டு கோசெல் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார் ஃப்ளட். அந்தச் சொல் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன.

தோல்வியின் அமைப்பு

1970 ஆகஸ்டில் நீதிபதி இர்விங் பென் கூப்பர், உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் தன்னைக் கட்டுப்படுத்துகின்றன என்று வழக்கைத் தள்ளினார். தக்கவைப்பு விதியை இரு தரப்பும் ஏற்கும்படி பேசித் திருத்தலாம் என்றும் குறிப்பிட்டார். 1971 ஏப்ரலில் மேல்முறையீடும் தோற்றது. உச்ச நீதிமன்றத்தில் 1972 மார்ச் 20 அன்று வாதம். இடையில் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றிருந்த கோல்ட்பெர்க், தாமே அமர்ந்திருந்த அந்த மன்றத்தின் முன் தடுமாறினார். ஃப்ளட்டின் பேட்டிங் கணக்குகளைச் சொல்வதிலேயே நேரம் கரைந்தது.

ஜூன் 19 அன்று தீர்ப்பு. 5-க்கு 3. நீதிபதி பவல், புஷ்ஷின் மதுபான நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததால் விலகிக்கொண்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிளாக்மன், முதல் பகுதி முழுவதையும் பேஸ்பாலின் வரலாற்றுக்கும், 80-க்கும் மேற்பட்ட பழம்பெரும் வீரர்களின் பெயர்ப் பட்டியலுக்கும் ஒதுக்கினார். மெல் ஆட் என்ற வீரரின் பெயர் விடுபட்டதற்காகப் பின்னாளில் வருந்தவும் செய்தார். நீதிமன்றத்தின் முன் நின்ற மனிதரின் வாழ்க்கை பறிபோகிறபோது, பட்டியலில் விடுபட்ட பெயருக்கு வருத்தம். இன்றும் படிக்கையில் எனக்கு மனம் கொதிக்கும் இடம் இது. பெரும்பான்மையில் சேர்ந்த பர்கரும் ஒயிட்டும்கூட அந்த முதல் பகுதியில் கையெழுத்திட மறுத்தார்கள்.

சட்டப் பகுதி இன்னும் விசித்திரமானது. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையேயான வணிகம்தான் என்று பிளாக்மன் ஒப்புக்கொண்டார். அதன் விதிவிலக்கு ஒரு முரண்பாடு என்றும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் 50 ஆண்டு நிலைத்துவிட்ட முரண்பாடு, காங்கிரஸே திருத்தட்டும் என்று முடித்தார். 1953 தீர்ப்பில் பெரும்பான்மையோடு இருந்த டக்ளஸ், அன்று செய்தது தவறு என்று சொல்லி இம்முறை மறுப்புத் தீர்ப்பு எழுதினார். பிரென்னன் அதில் சேர்ந்தார். மார்ஷல் தனியாக எழுதிய மறுப்பிலும் பிரென்னன் சேர்ந்தார்.

கதவு வேறிடத்தில் இருந்தது

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். தக்கவைப்பு விதி நீதிமன்றத்தில் விவாதிக்க வேண்டியதல்ல, தொழிலாளர் பேச்சுவார்த்தையில் தீர்க்க வேண்டியது என்று உரிமையாளர்கள் தரப்பு வாதாடியது. நீதிமன்றத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் கதவைச் சாத்த முடியாது. 1970-இல் சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தில், வீரர்களின் குறைகளை ஆணையர் தீர்ப்பதற்குப் பதில் நடுநிலை நடுவர் தீர்ப்பார் என்பதற்கு இசைந்தார்கள். அன்று பெரிதாகத் தெரியாத அந்தச் சரத்துதான் பின்னர் கோட்டையைத் திறந்தது.

1975-இல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பந்து வீச்சாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே பருவத்தைத் தொடங்கினார்கள். அணிகள் 10(அ)-வின்படி ஓராண்டு நீட்டித்தன. ஆண்டு முடிந்ததும், நாங்கள் கட்டுண்டவர்கள் அல்ல என்று நடுவரிடம் போனார்கள். டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார்: ஓராண்டு என்றால் ஓராண்டு. ஏகபோகச் சட்டமோ அரசியலமைப்போ தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தின் சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளைக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. உரிமையாளர்கள் சைட்ஸை உடனே பதவியிலிருந்து நீக்கினார்கள், நீதிமன்றங்களுக்குப் போனார்கள், அங்கும் தோற்றார்கள். 1976-இல் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய வீரர் தன் அணியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அந்த ஆண்டில் சுமார் 51,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம், ஃப்ளட் இறந்த 1997-இல் 13 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

ஆக, விடுதலைத் தீர்ப்பு ஃப்ளட்டுடையது அல்ல. அவர் செய்தது அதற்கு முந்தைய வேலை. கேள்வியையே கேட்கக் கூடாது என்றிருந்த இடத்தில், புகழின் உச்சியிலிருந்த ஒருவர், தன் பெயரால், தன் ஆட்ட வாழ்க்கையைப் பணயம் வைத்துக் கேட்டார். பத்திரிகைகளும் ரசிகர்களும் முதன்முறையாக 10(அ)-வைப் படித்தார்கள். மெஸ்ஸர்ஸ்மித் கையெழுத்திட மறுத்தபோது வீரர்களுக்கு அது புதிய எண்ணம் அல்ல.

விலை

1970 பருவம் முழுவதும் ஃப்ளட் ஆடவில்லை; ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வருமானம் போயிற்று. 1971-இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி 110,000 டாலருக்கு அழைத்தது. திரும்பி வந்தவரின் கால்களில் பழைய வேகம் இல்லை. 13 ஆட்டங்களில் 35 முறை மட்டையெடுத்து ஏழு ஹிட்டுகள். ஏப்ரல் முடிவதற்குள், முயன்றேன், ஒன்றரை ஆண்டு இடைவெளி மிக அதிகம் என்று உரிமையாளருக்குத் தந்தி கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். 1,861 ஹிட்டுகள், .293 சராசரி என்ற கணக்கோடு 33 வயதில் முடிந்தது ஆட்ட வாழ்க்கை.

ஸ்பெயினின் மயோர்கா தீவில் மதுக்கடை நடத்தினார். நாளும் குடித்தார். கையில் பணம் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளில் அவர் நாட்டிலேயே இல்லை. 1970-களின் நடுவில் ஓக்லண்டுக்குத் திரும்பி, 1978-இல் ஓக்லண்டு அணியின் ஆட்டங்களுக்கு வானொலி வருணனையாளரானார். பிறகு சிறுவர் பேஸ்பால் அமைப்பில் பணியாற்றினார். மில்லர் சொன்னபடியே, எந்த மேஜர் லீக் அணியும் அவரைப் பயிற்சியாளராக அழைக்கவில்லை. 1986-இல் நடிகை ஜூடி பேஸை மணந்த பிறகு வாழ்க்கை நிலைப்பட்டது, குடியையும் விட்டார். 1994 வேலைநிறுத்தத்தின்போது வீரர்கள் கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது, கோடிகளில் சம்பளம் வாங்கிய இளைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 24 ஆண்டு தாமதமாக வந்த கூட்டம் அது.

தொண்டைப் புற்றுநோயால் 1997 ஜனவரி 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். 59 வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாடு மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளைக் கொண்டாடிய தினம். அந்த ஆண்டு காங்கிரஸில் ஜான் கானியர்ஸ் கொண்டுவந்த மசோதாவுக்கு ஃப்ளட்டின் சட்டை எண்ணான 21 இடப்பட்டது. 1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட கர்ட் ஃப்ளட் சட்டம், மேஜர் லீக் வீரர்களின் வேலை தொடர்பான விஷயங்களில் பேஸ்பாலின் விதிவிலக்கை நீக்கியது. மைனர் லீக் வீரர்களை அது தொடவில்லை. குச்சியால் உடை தூக்கப்பட்ட அந்தப் பையன் ஆடிய இடம் மைனர் லீக் என்பதை நினைக்கையில் அந்தக் குறை உறுத்துகிறது. மார்வின் மில்லர், இறந்த பிறகேனும், பேஸ்பால் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். ஃப்ளட்டைச் சேர்க்கக் கோரி 2020-இல் நூற்றுக்கும் மேற்பட்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் கடிதம் எழுதியும் பயனில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. 1973 ஒப்பந்தத்தில் சங்கம் ஒரு சரத்தைச் சேர்த்தது: மேஜர் லீக்கில் 10 ஆண்டுகள் ஆடி, கடைசி ஐந்தாண்டுகளும் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. வீரர்கள் அதை ஃப்ளட் விதி என்றே அழைத்தார்கள். 1969-இல் அது இருந்திருந்தால் அந்தக் காலைத் தொலைபேசிக்கு ஃப்ளட் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பார். அதை முதலில் பயன்படுத்தியவர் சிகாகோ கப்ஸ் அணியின் ரான் சான்டோ. அந்த ஆண்டின் இறுதியில் அவரைக் கலிஃபோர்னியா அணிக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. சான்டோ முடியாது என்றார். வழக்கறிஞரும் இல்லை, கடிதமும் இல்லை. பிறகு, ஊரை விட்டுப் போகாமல், அதே சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் அணிக்கு மாறிக்கொண்டார்.